ஒரு தரம்தான் ஊதுவார்

ஃபுருசெட்டைத் தாண்டும்போதே காலிலிருந்த இரண்டு சப்பாத்தும் நனைந்துவிட்டன. துணிச் சப்பாத்து. காலையில் விழுந்த உறைபனி வெயிலில் உருகி, நடைபாதைச் சருகெல்லாம் ஊறிக் கிடந்தது. முதுகில் பை. பைக்குள் இரண்டு காற்சட்டை, ஒரு சாரம், சோறு காய்ச்சுகிற சின்னச் சட்டி. எல்லிங்ஸ்ருட்டிலேயே ரி-பானே, நிலக்கீழ் ரயில், ஏறியிருக்கலாம். ஆனால் ரயில் வரும்வரை மேடையில் நிற்க வேண்டும். நிற்க முடியவில்லை. ஒஸ்லோ நகரப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

நல்ல சப்பாத்து ஒரு சோடி நான் விட்டுவந்த வீட்டில் இருக்கிறது. முழங்கால்வரை வருகிற பச்சை றப்பர் சப்பாத்து. நான் அந்தக் கீழறைக்கு வந்த நாளிலேயே அது கதவோரம் நின்றது. முந்தி இருந்தவர் விட்டுப்போனது என்று அக்கா சொன்னார். என் காலுக்கு அளவாக இருந்தது. ஒன்றரை வருடமாகக் காட்டுக்கும் ஏரிக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். புறப்படுமுன் அதைக் கழற்றி, முதல்நாள் நின்ற இடத்திலேயே, நுனி சுவரைப் பார்க்க வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா என்றுதான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். ஒஸ்லோவில் வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என்றால் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு?

ஆள் சின்ன உருவம். அறுபதை நெருங்கிய வயது. முதியோர் இல்லத்தில் வேலை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதையும் ஒரு தரம்தான் சொல்வார். அந்த வீட்டுக்குப் போன முதல் வாரம், மேலேயிருந்து "தேத்தண்ணி" என்று ஒரு சத்தம் வரும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் சட்டையைத் தேடி, தலையைச் சீப்பால் இழுத்து, ஆறுதலாக மேலே போவேன். கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கும். கோபமெல்லாம் இல்லை. வெளியே ஊற்றிவிட்டார், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கத் தேத்தண்ணி குடிக்கவில்லை. அடுத்த வாரம் சட்டை போடாமலே ஓடினேன்.

"ரெண்டாந்தரம் சொன்னால் முதல் சொன்னது பொய்யாப் போகும்" என்பார். நாய்க்குச் சொன்ன விதி. ஆனால் அவரிடம் நாய்க்கு வேறு விதி, மனிதருக்கு வேறு விதி என்று இருக்கவில்லை. ஒருநாள் அவர் மறந்துவிட்டுப்போன வீட்டுத் திறப்பைக் கொடுக்க இல்லத்துக்குப் போனேன். ஒரு கிழவர் குளிசை விழுங்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். மற்றத் தாதி கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கா குளிசையை வாங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு சொல் சொன்னார். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது. கிழவர் கொஞ்சநேரம் கையைப் பார்த்தார், பிறகு எடுத்து விழுங்கினார்.

எனக்கு அவர் அறை தந்ததே நாய்க்காகத்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொழும்பு, பாரிஸ், பேர்கன் என்று ஓடி, ஓரிடத்தில் இரண்டு குளிர்காலம் இருந்ததில்லை. கறுப்பு லாப்ரடோர்க் குட்டி ஒன்று வருகிறது, சுட்டு விழுகிற பறவையைக் கொண்டுவரப் பழக்க வேண்டும், தான் வேலைக்குப் போகிற நேரம் அதனோடு பகலில் ஒருவர் இருக்க வேண்டும், அறை சும்மா, சாப்பாடு சும்மா என்றார். கேட்டதும் சரி என்றேன். குட்டிக்கு நுங்கு என்று பெயர் வைத்தது அவர்தான். பளபளவென்று கறுப்பு, தொட்டால் மெதுமெதுவென்று இருந்தான். பொருத்தமாகத்தான் இருந்தது.

துவக்குச் சத்தத்துக்கு நாயைப் பழக்குவதுதான் முதல் வேலை. வீட்டின் பின்னாலேயே காடு. அக்கா ஒரு வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியோடு தூரத்து மரங்களுக்குள் போனார். நான் குட்டியோடு நின்றேன். சத்தம் கேட்டதும் நான் குப்புற விழுந்துவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. வன்னியில் வளர்ந்தவன், சத்தம் கேட்டால் படுக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். நுங்கு என்னைப் பார்த்தான். அவனும் வயிற்றை நிலத்தோடு ஒட்டிப் படுத்தான். அக்கா திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு குட்டி எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லையே" என்றார்.

அடுத்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே பாடம். குசினியில் நுங்குக்கு ஒரு கிண்ணம், எனக்கு ஒரு கோப்பைச் சோறு. இருவரும் வாய் வைத்ததும் தூரத்து அறையில் அக்கா அகப்பையால் ஒரு தகரத்தில் தட்டுவார். சில நாள் போக, நடுவறையில் நின்று சட்டி மூடியில் தட்டினார். பிறகு குசினி வாசலில் நின்று. கடைசியில் என் கதிரைக்குப் பின்னால் நின்று இரண்டு மூடியையும் ஒன்றோடொன்று அடித்தார். முதலில் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. நுங்குக்கும்தான். நான் தின்றால் அவன் தின்றான், நான் நிறுத்தினால் அவனும் நிறுத்தினான். அவனுக்காகவே விழுங்கினேன். வசந்தம் முடியுமுன் இருவருமே தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டோம். காட்டில் அவர் நிசத் துவக்கால் சுட்டபோது நான் நின்றேன். வைத்தியர்களிடம் போய்ச் சரிவராத ஒன்றைச் சட்டி மூடியால் சரிசெய்தார். அதை மறுத்தால் நான் நன்றிகெட்டவன்.

ஒஸ்லோத் தமிழர் அவரைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. கோயிலில் ஒரு மனுசி, முகத்துக்கு நேரேயே, இஞ்சை வந்து கும்பிடுறியள், காட்டுக்குப் போய்ச் சுடுறியள் என்று கேட்டார். அக்கா விபூதியைப் பூசிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை சுடுறேல்லை" என்றார். பகிடிக்கில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி. அன்றைக்குச் செத்த பறவையைத் தொட மாட்டார், நுங்குவையும் தொட விடமாட்டார். மற்ற நாட்களில் உறைபெட்டியில் இருந்து சுட்டு வைத்த தாராவாத்து ஒன்றை எடுத்து இளக வைத்து அதில் பழக்குவோம். வெள்ளியில் பச்சைத் துணியில் தைத்த டம்மி மட்டும்தான், பஞ்சு அடைத்த ஒரு உருளை. நாய்க்கும் வெள்ளிக்கிழமை தெரிந்திருந்தது. குசினியில் சாம்பார் வாசம் வந்தால் டம்மி கிடக்கும் மூலைக்குப் போய் நிற்பான்.

நுங்கு செருப்பைத் தூக்கினாலும், என் காலுறையைத் தூக்கினாலும் ஏசக் கூடாது என்பது இன்னொரு விதி. தூக்கிக்கொண்டு வந்தால் நல்லது என்று சொல்லி மெல்ல வாங்க வேண்டும். ஏசினால் அடுத்த முறை ஒளித்துவிடுவான். கடிக்காமல் பிடிக்க வேண்டும், கையில் கொடுக்கும்வரை விடக் கூடாது. நிலத்தில் போட்டால் அது கொண்டுவந்ததாகாது. "கொண்டாறது பெரிய வேலையில்லை, தம்பி. குடுக்கிறதுதான் வேலை" என்பார்.

நான் மத்தியானங்களில் அவனுக்குச் சோறும் மீன்குழம்பும் குழைத்துக் கவளமாக உருட்டி ஊட்டினேன். ஊரில் பிள்ளைக்கு ஊட்டுவதைப் போலத்தான். இங்கே யாரும் நாய்க்கு அப்படிச் செய்வதில்லை. ஒருநாள் அக்கா நேரத்தோடு வந்து அதைப் பார்த்துவிட்டார். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. கதவில் சாய்ந்து நின்று, "நாய் முதல் ஒருத்தரிலை உயிரை வைக்கோணும். அப்பதான் பழகும். பிறகு மாத்தலாம்" என்றார். பிறகு மாற்றலாம் என்றதை நான் சாப்பாட்டைப் பற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

நுங்கு முதன்முதல் தண்ணீருக்குள் பாய்ந்து தாராவைக் கொண்டுவந்த நாளில் ஏரி ஓரம் பனிக்கட்டி கட்டத் தொடங்கியிருந்தது. நேரே வந்து என் முன்னால் குந்தியிருந்து, தலையை உயர்த்தி, என் கை வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு இறகு கலையவில்லை. அக்கா தாராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இவன் உம்மடை நாய். அடுத்த வருசம் நான் துவக்குப் பிடிக்கிறன், நீர் நாயைப் பிடியும்."

உண்மையாகவா அக்கா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்து இருந்து, இரண்டாம் தரம் கேட்டால் முதல் சொன்னது பொய்யாகிவிடும் என்று எனக்கும் படிந்துவிட்டது. அந்த மாரியில் வடக்கே மீன் பண்ணையில் வேலை இருக்கிறது என்று பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். நல்ல வேலை, வீடும் தருவார்கள். எனக்கு இஞ்சை நாய் இருக்கு என்றேன். அவன் சிரித்தான். என் வாழ்க்கையில் ஓரிடத்தை விட்டுப் போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஆற்றோர நாணலில் தாரா வேட்டையாடுகிற ஒரு குழு. எல்லாரும் நோர்வேக்காரர், தகப்பன் இடத்தை மகன் எடுத்து வருகிற குழு. அக்கா வேட்டைப் பரீட்சை எழுதி, ஒவ்வொரு வருடமும் இலக்குச் சுட்டுக் காட்டி, அவர்களோடு வருடக்கணக்காகப் போய் வந்தார். விருந்தாளியாக. விருந்தாளி கோப்பி ஊற்றலாம், நாணலுக்குள் நடந்து பறவையைக் கிளப்பலாம், தூக்கிக்கொண்டு வரலாம். நின்று சுடுகிற இடம் குழுவில் உள்ளவருக்குத்தான். இடம் தாருங்கள் என்று ஒரு தரம் கேட்டாராம். பார்ப்போம் என்றார்களாம். அவர் திரும்பக் கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் ஆர்னேயின் கிழட்டு நாய்க்குக் காது கேட்காமல் போனது அந்த நாட்களில்தான்.

இந்தக் கோடை கடைசியில் ஆர்னே எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்தார். நீண்ட கால், சிரித்த முகம், கெட்ட மனிதர் அல்ல. நுங்குவைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டில் அக்கா டம்மியை எறிந்து, விசிலை ஒரு தரம் ஊதினார். நுங்கு பாய்ந்து எடுத்தான். ஆர்னே கையை நீட்டினார். நுங்கு அவரைத் தாண்டினான். அக்காவையும் தாண்டினான். மரத்தடியில் சும்மா நின்ற என்னிடம் வந்து இருந்து தலையை உயர்த்தினான். ஆர்னே பெரிதாகச் சிரித்து, இது ஒரே ஒரு ஆளுடைய நாய் என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. அக்கா சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் புதுப் பாடம் தொடங்கியது. வேட்டைநாய்ப் பரீட்சையில் நடுவர் கையிலும் கொடுக்க வேண்டும், தெரியாத ஆள் கையிலும் கொடுக்க வேண்டும் என்றார் அக்கா. "அவன் உம்மட்டை வந்தால் முதுகைக் காட்டி நில்லும்." நடுவருக்கு விளங்க வேண்டும் என்று கட்டளைகளையும் நொர்ஸ்க் மொழிக்கு மாற்றினார். தமிழில் பழகிய இரு, போ, தா எல்லாம் போயிற்று.

நான் நின்றேன். அவன் வாய் நிறைய டம்மியோடு ஓடி வருவான். முதுகுக்குப் பின்னால் மூக்கால் விடுகிற மூச்சுக் கேட்கும். என் முழங்காலின் பின்பக்கத்தை டம்மியால் மெல்ல இடிப்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்ப்பேன். சுற்றி முன்னால் வருவான். நான் மற்றப் பக்கம் திரும்புவேன். திரும்பவும் சுற்றி வருவான். ஒருநாள் டம்மியை என் றப்பர்ச் சப்பாத்தின் மேல் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிலத்தில் போடாத நாய். அக்கா தூரத்திலிருந்து, எடுக்காதையும் என்றார். எடுக்கவில்லை. அவனுக்குப் பரீட்சை, அவனுடைய நன்மைக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒருநாள் அவன் என் பின்னால் வந்து கொஞ்சநேரம் நின்றான். ஒரு பெருமூச்சு. அக்காவிடம் போய்க் கொடுத்தான். அடுத்தடுத்த நாட்களில் என் பக்கமே வரவில்லை. ஆர்னே வந்து நின்றபோது நேரே ஆர்னேயின் கையில் கொடுத்தான். முதலில் கைதட்டியது நான். அன்று அக்கா இடியப்பமும் சொதியும் செய்தார். கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுத் தோளில் ஒரு கணம் கையை வைத்தார். அதற்கு முதல் அவர் என்னைத் தொட்டதில்லை. மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

நான் புறப்பட்ட அன்று காலை முற்றத்தில் ஆர்னேயின் கார் நின்றது. பின்கதவு திறந்து, உள்ளே நாய்க்கூடு. நாணலுக்கு எல்லாருமாகப் போகிறோம் என்று நான் றப்பர்ச் சப்பாத்தைப் போட்டு, நாய்க்கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன். நுங்கு ஆர்னேயின் கையுறை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தான். நான் குந்தி இரண்டு கையையும் நீட்டினேன். "நுங்கு, தா" என்றேன்.

ஓடி வந்தான். எட்டித் தொடுகிற தூரத்தில் நின்றான். என் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். வால் ஆடியது. பிறகு திரும்பிப் போய் ஆர்னேயின் முன்னால் இருந்து, தலையை உயர்த்தி, அவர் வாங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். ஆர்னே தட்டிக்கொடுத்துக் கூட்டைக் காட்டினார். ஏறிவிட்டான். கதவு மூடியது.

"நுங்கு ஆர்னேயோடை போறான்" என்றார் அக்கா. "குழுவிலை எனக்கு இடம் தந்திட்டினம்."

அவர் வேட்டைச் சட்டை போட்டிருந்தார், புதிது. தலை இழுத்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற முகம்.

"என்ரை நாய் எண்டு சொன்னனீங்கள், அக்கா."

"ஓம். சொன்னனான்."

நான் காத்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன், "அப்ப ஏன் என்னை முதுகைக் காட்டி நிக்கச் சொன்னனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நுங்கு வெறும் வாயோடு திரும்பி வந்தால் பார்ப்பாரே, அப்படி.

"நீர் முகத்தைக் காட்டிக்கொண்டு நிண்டிருந்தால் அவன் ஆர்னேயோடை போயிருப்பானோ?"

காரைத் திருப்பிய ஆர்னே யன்னலை இறக்கி, நல்ல வேலை செய்தாய், நன்றி என்று நொர்ஸ்க்கில் எனக்குச் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா காரில் ஏறப் போனவர் நின்று, ஞாபகம் வந்தவர் மாதிரிச் சொன்னார்: "அறை இருக்கு. மார்ச்சிலை அடுத்த குட்டி வருது. அதுவும் கறுப்புத்தான்." ஆர்னே, மார்ச் என்ற சொல் விளங்கி, அந்தக் குட்டி தன் மைத்துனருக்கு என்று சந்தோசமாகச் சொன்னார்.

கார் போனபிறகு நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். எனக்கு அளவாக இருந்த, முந்தி இருந்தவருடைய சப்பாத்து. அவர் ஏன் போனார் என்று அக்கா சொன்னதில்லை. அந்த ஆளும் ஏதோ ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மழைக்குள் போயிருந்தாலும் அவருக்கும் அதைப் போட்டுக்கொண்டு போக மனம் வந்திருக்காது.

ஃபுருசெட்டுக்கும் த்வெய்த்தாவுக்கும் நடுவில் குளிரில் கையைச் சட்டைப்பைக்குள் விட்டபோது விசில் தட்டுப்பட்டது. செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் விசில், அக்கா தந்தது. பேருந்துத் தரிப்பில் ஒரு பெண் கறுப்பு நாயோடு நின்றாள். வேறு நாய்தான். விசிலைப் பையின் அடியில், சட்டிக்குள் போட்டு மூடினேன்.

த்வெய்த்தாவில் எனக்குத் தெரிந்த ஒரு வன்னிப் பொடியன் இருக்கிறான். கதவைத் திறந்தவன் என் பையைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் அந்த நல்ல பழக்கம் உண்டு. தான் வேலை செய்கிற இடத்தில் ஆள் தேவை, குளிர்கால டயர் மாற்றுகிற காலம், ஊரே வரிசையில் நிற்கிறது என்றான். இரவு அவன் சோபாவில் படுத்தேன். அடுத்த நாள் விடிய அவனோடு போனேன்.

பெரிய கொட்டகை, கூரைவரை டயர். நான் அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பூட்டுவார்கள். காற்றுத் துவக்கு மாதிரி ஒன்றால் ஆணியைக் கழற்றுகிறார்கள். அது வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் பொடியனுடைய தோள் மேலே ஏறி இறங்கியது. இரண்டு வருடமாக அங்கே நிற்கிறான், இன்னும் அப்படித்தானாம். உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ அண்ணை என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மைதான். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மத்தியானமளவில் மேற்பார்வையாளன் கொட்டகையின் அந்தக் கரையிலிருந்து இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினான். யாரைக் கூப்பிடுகிறான் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் டயரோடு அவன் முன்னால் நின்றேன். அவன் அதற்குள் தொலைபேசியில் யாருடனோ கதைக்கத் தொடங்கியிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. டயர் பாரம், கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவன் கையை நீட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.